அம்மாவின் தோள் உயரம்

நான் விஜயலெட்சுமிக்கு நாத்தனார். அவளைப் பற்றிக் கேட்டால் குறையைத்தான் முதலில் சொல்வேன். அது என் சுபாவம். என் தம்பி தயாபரன் மடுல்சீமைப் பக்கமிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது, தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் ஆலாத்தித் தட்டைப் பிடித்தபடியே, "கொழுந்துக் கூடைக்குள்ள வச்சே தூக்கிட்டு வந்திருக்கலாமேடா" என்று கேட்டவள் நான். அவ்வளவு குள்ளம். அன்றிலிருந்து என் வாயில் அவள் பெயர் குள்ளச்சி. அவளும் சளைத்தவள் இல்லை. "ஒசந்தவங்கதான் கூரையில தலைய இடிச்சுக்கிட்டுத் திரியிறாங்க, அண்ணி" என்பாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் அதைச் சொன்னதில்லை.

கொழுந்து எடுப்பதில் அவள் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். சுமாராக எடுப்பாள், நிறையப் பேசுவாள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த நிரைக்காரியை வம்புக்கு இழுப்பாள். அவள் வராத நாளில் மலையே ஊமையாகக் கிடக்கும்.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிறது எங்கள் லயம். வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பின்சுவர், அந்தச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பக்கத்து மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மலை சரிந்து மண்ணுக்குள் போன பிறகு, மழை பலத்தால் எங்களைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கச் சொல்கிறார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். விடிந்ததும் அதே வெடிப்புக்குப் பக்கத்தில் வந்து சோறாக்குவோம். இதெல்லாம் ஒரு பிழைப்பா? தம்பிக்கு வேறு இடத்தில் வீடு கட்டக் காணி கிடைத்தது. அத்திவாரம் போட்டதோடு வேலை நின்றுபோனது. அதன்மேல் புல் முளைத்து, யாரோ ஆடு கட்டினார்கள். அந்த ஆட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான், சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்றாள் விஜயா.

"சுவரு ஏறட்டும், அண்ணி. ரெண்டு வருசம். வந்துர்றேன்."

நான் கத்தினேன். தம்பியையும் சேர்த்துத் திட்டினேன். திட்டினால் சுவர் ஏறுமா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைசியில் நானே சொன்னேன்.

எங்கள் தோட்டத்தில் வெளிநாட்டுக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. பிள்ளை தூங்கும்போதே போய்விடுவார்கள். பிள்ளை அழுதால் போகிற காரியம் விளங்காது என்று ஒரு நம்பிக்கை. விஜயாவின் அம்மாவும் அப்படித்தான் போனாள்.

"முழிச்சுப் பாத்தா அம்மா கட்டியிருந்த சேல மட்டும் பாயில கெடந்துச்சு, அண்ணி" என்றாள் ஒருநாள், என்னோடு விறகு கட்டும்போது. "என் புள்ளைங்க அப்படி முழிக்கக் கூடாது. சிரிச்சிக்கிட்டுக் கையக் காட்டணும். அது போதும் எனக்கு."

சொல்லவும் கூடாது, சிரிக்கவும் வேண்டும். என்ன செய்வது? விமானம் ஏற வேண்டிய நாள் அவர்களுடைய கல்யாண நாளாக வந்து வாய்த்தது. எங்கள் லயத்தில் கல்யாண நாளை யார் கொண்டாடினார்கள்? ஆனால் மூத்தவள் மதுஷாவின் டீச்சர் தன் கல்யாண நாளுக்குப் புருஷனோடு கொழும்புப் பக்கம் ஒரு பார்க்குக்குப் போய், ராட்டினத்திலும் தண்ணீர்ச் சறுக்கிலும் எடுத்த படங்களைப் போனில் போட்டிருந்தாள். பிள்ளைகள் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். விஜயா அதைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாண நாளுக்கு அப்பாவும் நானும் அந்தப் பார்க்குக்குத்தான் போறோம்" என்றாள்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? நாங்களும் வருவோம் என்று ஐந்து வயது நிஷாந்த் தரையில் உருண்டான். எட்டு வயது மதுஷா உருளவில்லை, காரணம் கேட்டாள்.

"அம்மா தோளு ஒசரம் இருக்கிறவங்களத்தான் உள்ள விடுவாங்கம்மா" என்றாள் விஜயா. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

உடனே அளந்து பார்க்க வேண்டும் என்றது பெண். நிஷாந்த் இடுப்புக்கு வந்தான். மதுஷா குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். விஜயா அவள் தலையில் கை வைத்து மெதுவாக அழுத்தினாள். நாலு விரல் குறைந்தது. தாய் குள்ளம் அல்லவா, பிள்ளை அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டாள்.

"நாலு வெரலுதான், அத்தே" என்று என்னிடம் ஓடிவந்து பெருமையாகச் சொன்னாள்.

துணிப் பையை முந்தின நாளே சந்திக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். காலையில் விஜயா கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னப் பையோடு இறங்கினாள். பிள்ளைகள் வாசலில் நின்று கை காட்டினார்கள், சிரித்தார்கள். "அம்மா, எல்லாத்துலயும் ஏறிட்டு வந்து சொல்லணும்" என்று மதுஷா சத்தம் போட்டாள். விஜயா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரியும்.

நேரே ஏஜென்சிக்காரன் சொன்ன இடத்துக்குப் போய்விடலாம் என்றிருக்கிறான் அவன். இவள் கேட்கவில்லை. "போறோம்னு சொன்னோம்ல, போயிருவோம். பாக்காதத ஒங்களுக்குச் சொல்லத் தெரியாது. மதுஷா கேக்குற கேள்விக்கு முழிச்சுக்கிட்டு நிப்பீங்க." சாயங்காலம் வரை நேரம் இருந்தது. போனார்கள்.

உள்ளே எல்லாம் குடும்பம் குடும்பமாக இருந்திருக்கிறது. கல்யாணச் சேலையோடு ஒரு பொம்பளை, துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஆம்பளை. பார்த்தவர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். ராட்டினம் ஒன்றின் வாசலில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட பலகை. அதன் கழுத்தில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு மேலே தலை வந்தால் பிள்ளைகள் ஏறலாம். தம்பி அவளை அந்தப் பலகையோரம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான். எடுத்து முடித்தும் அவள் நகரவில்லை. தன் தோளுக்கு நாலு விரல் கீழே கையை வைத்து, அப்படியே பலகைக்குக் கொண்டுபோனாள். கை கோட்டுக்கு மேலே நின்றது.

"மதுஷா ஏறியிருப்பா, பாருங்க" என்றாளாம். "என் புள்ள இதுல ஏறியிருப்பா."

அவளே தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கப்பல் மாதிரி ஆடுகிற பெரிய ஊஞ்சலில் ஏறினாள். "மேல போறப்ப எல்லாரும் கத்துனாங்கக்கா, இவளும் கத்துனா. எறங்கின பெறகும் அந்தச் சத்தம் நிக்கல" என்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சம் இருந்த எல்லாவற்றிலும் ஏறினாள். ஒவ்வொன்றிலும் வயிறு எப்படிச் செய்தது, காற்று எப்படி அடித்தது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகளிடம் சொல்ல. இருட்டுவதற்கு முன் ஏஜென்சி வேன் வந்தது.

மறுநாள் தம்பி தனியாக வந்தான். பிள்ளைகள் அவனைத் தாண்டிப் பாதையைப் பார்த்தார்கள். வேலை கிடைத்து அம்மா அங்கிருந்தே போய்விட்டாள் என்றான். நிஷாந்த் அழுதான். மதுஷா அழாமல், எப்போது வருவாள் என்று கேட்டாள்.

"நீ அம்மா தோளு ஒசரம் வந்ததும் வந்துருவாம்மா. அப்பறம் எல்லாரும் பார்க்குக்குப் போவோம்."

முட்டாள் பயல். நாலு விரல் வளர ஒரு பிள்ளைக்கு எத்தனை நாளாகும்? போட்டோக்களைக் காட்டினான். ஒட்டகச்சிவிங்கிப் படத்தை மட்டும் காட்டவில்லை.

அங்கே வீட்டம்மா வீடியோவில் பேச விடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் குரல் மட்டும் வரும், சில வெள்ளி அதுவும் வராது. இங்கே நான் வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன். அவள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது, பெண் கிடுகிடுவென்று வளர்கிறாள். போன மாதம் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அதைப் பார்த்து நான் எரிந்து விழுந்தேன், பாவம், அவள் என்ன செய்வாள்?

நேற்றுக் காலை கதவு நிலையில் கரிக்கோடு கிழித்துவிட்டு, அக்காவும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா தோள் எதுவரை வரும் என்று சண்டை. நிஷாந்த் ஒரு இடத்தைக் காட்டுகிறான், மதுஷா இன்னொரு இடத்தைக் காட்டுகிறாள். இரண்டுமே தப்பு. இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது. அந்தத் தோள் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அது மதுஷாவின் நெற்றியளவில் இருந்தது. பெண் அதை எப்போதோ தாண்டிவிட்டாள்.

"அத்தே, அம்மா ஒங்களவிட ஒசரமா, கட்டையா?"

அவளை நான் முகத்துக்கு முகம் குள்ளச்சி என்று கூப்பிட்டவள். கண்ணை மூடினால், கூடையோடு மேட்டில் மூச்சு வாங்க ஏறி வருகிறாள்.

"ஒசரம்டி" என்றேன். "என்னைய விட ஒரு சாண் ஒசரம்."

மதுஷா என் பக்கத்தில் வந்து நின்று, என் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப இன்னும் நாளாகும்" என்றாள். நிஷாந்தின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போனாள்.