ஆசா பிட்கின் ஓடவில்லை

வெர்மான்ட் மலையில் மாடு கறந்து வளர்ந்த ஆசா பிட்கினுக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. முதல் சண்டையில் புறமுதுகு காட்டிவிடுவோமோ என்கிற பயம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்ட வடக்குப் பட்டாளத்தில் அவனுடைய கம்பெனி முழுக்க ஒரே ஊர்ப் பையன்கள். ஒருவன் ஓடினால் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் சர்ச்சில் அப்பா எந்த முகத்தோடு உட்காருவார்? ஊர் ஊராகப் பட்டாளம் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவன் வாயில் மண்ணைப் போட!

பக்கத்தில் நின்றவன் ராயல் த்ரால், அடுத்த பண்ணைப் பையன். ஆசா பேர் கொடுத்தான் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்த் தானும் கொடுத்தவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வர்ஜீனியாவில் ஒரு சோளக் கொல்லை வேலியோரம் அவர்களை நிறுத்தினார்கள். மரங்களுக்கு அப்பால் பீரங்கி முழங்கியது. உடனே வரிசை முழுக்கப் பையைத் துழாவிச் சீட்டுக்கட்டுகளை வீசியெறிய ஆரம்பித்தது. செத்தால் பையில் இருப்பதெல்லாம் அம்மா கைக்குப் போகும். பைபிள் போகலாம், சூதாட்டச் சீட்டு போகலாமா?

"டேய் ராயல், நேத்து என்னை மொட்டையடிச்ச கட்டு ஆச்சே, அதையுமா போட்டுட்டே?"

"பொழைச்சா பொறுக்கிக்கலாம்டா. இது எங்கம்மா கைக்குப் போச்சுன்னா, செத்தவனை எழுப்பி உட்காரவெச்சு அடிப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவன் குனிந்து வாந்தி எடுத்தான். அவனை யாரும் கேலி செய்யவில்லை.

"டேய் ஆசா," என்றான் ராயல், மெதுவாக. "நீ ஓடிட மாட்டியே?"

"மாட்டேன். நீ?"

"நீ நின்னா நானும் நிப்பேன்."

தெற்குப் படையின் சாம்பல் சட்டைக்காரர்கள் கொல்லைக்குள்ளிருந்து கூச்சலோடு வந்தார்கள். ஆசா தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்தான், வெடிமருந்தைக் குழலில் கொட்டினான், குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்தான், விசையை இழுத்தான். மறுபடியும் கிழித்தான், இடித்தான், இழுத்தான். காது செவிடாகும் சத்தத்தில் யார் துப்பாக்கி வெடிக்கிறது என்று எவனுக்குத் தெரியும்? கை பாட்டுக்கு வேலை செய்தது. நான் ஓடலை, நான் ஓடலை என்று மனசு துள்ளியது.

அப்போது ஒரு சாம்பல் சட்டை, வேலியைத் தாண்டி நேராக ராயல் மேல் பாய்ந்தது. ராயலின் கம்பி இன்னும் குழலுக்குள்ளேயே இருந்தது.

"ஆசா! சுடுடா!"

கைக்கெட்டும் தூரம். ஆசா இழுத்தான். டக்கென்று துப்பாக்கியின் சுத்தி விழுந்தது, அவ்வளவுதான். திரும்பவும் இழுத்தான். அதற்குள் துப்பாக்கிமுனைக் கத்தி ராயலின் வயிற்றில் இறங்கிவிட்டது.

சண்டை ஓய்ந்ததும் சார்ஜென்ட் அவன் துப்பாக்கியை வாங்கிக் கம்பியை உள்ளே விட்டார். பாதிகூட இறங்கவில்லை.

"அடப்பாவி! ஒண்ணுமேல ஒண்ணா அடைச்சு வெச்சிருக்கியேடா! செம்பு மூடியை மாட்டவே இல்லையா? ஒரு குண்டுகூட வெளியே போகலைடா!"

சுத்திக்கு அடியில் மாட்ட வேண்டிய மூடி அது, பட்டாணி அளவுதான் இருக்கும். அதில் பொறி பிறந்தால்தான் மருந்து பற்றும். இடுப்புப் பை நிறைய மூடிகள் அப்படியே கிடந்தன. பயம் அந்த ஒரே ஒரு வேலையை மட்டும் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அன்று அப்படிக் கோட்டைவிட்டவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. ஆனால் அதைச் சொல்லி அவனை யார் தேற்ற முடியும்?

போர் முடிந்து ஊர் திரும்பினான். கல்யாணம், பிள்ளைகள், மாடுகள். கடைசிவரை நின்றவன் என்று ஊர் அவனைக் கொண்டாடியது. அவன் பேச்சை மாற்றிவிடுவான். பனி உருகும் காலத்தில் ராயலின் அம்மாவுக்கு மேப்பிள் பாகு காய்ச்ச உதவிக்குப் போவான். ஒரு வருஷம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"என் பிள்ளை எப்படிடா செத்தான்?"

எல்லாவற்றையும் சொன்னான், மூடி மாட்டாத கதையையும் சேர்த்து. சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

"ஆனா நான் ஓடலைம்மா. ஒரு அடிகூடப் பின்னால வைக்கலை."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஓடித் தொலைச்சிருக்கக் கூடாதாடா? நீ ஓடியிருந்தா அவனும் உன் பின்னாலயே ஓடி வந்திருப்பானே!"