குகை வாசலில் காவல்

சில்க்போர்க் ரயில் நிலையம். வெளியே மழை தூறுகிறது. காத்திருப்பு அறையில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண் இருக்கிறாள். தடித்த கம்பளிக் கோட்டு, மடியில் ரொட்டியும் பாலும் வைத்த பை. என் கையிலுள்ள தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை தமிழோ?" என்று கேட்கிறாள்.

மன்னார்க்காரி. கலவரத்துக்குப் பிறகு கணவனோடு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவள்.

"என்ன புத்தகம், அண்ணை?"

பழைய கிரேக்க ஞானிகளைப் பற்றியது என்கிறேன். தத்துவம் என்றால் வாதம் என்றுதான் நினைக்கிறோம். அவர்களில் சிலரோ இருட்டுக் குகைக்குள் போய், பேசாமல், அசையாமல் படுத்துக் கிடப்பார்களாம். உண்மை அங்கே தேடி வரும் என்று நம்பினார்களாம்.

அவள் பையைக் கீழே வைக்கிறாள்.

"என்ரை மனுசனும் அப்பிடித்தான் கிடக்கிறார். தம்பியாரைச் சுட்ட செய்தி வந்த நாளிலையிருந்து, அறையை இருட்டாக்கிப்போட்டு. ஒரு சொல் கதைக்கிறேல்லை. அவரை விட்டிட்டு வேலைக்குப் போ எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் கதவடியிலையே இருக்கிறன்." பிறகு கேட்கிறாள்: "குகையிலை கிடந்தவைக்கு ஆரும் காவல் இருந்தவையோ?"

"இருந்தாங்கம்மா. பக்கத்துல ஒரு பூசாரி உட்கார்ந்திருப்பார். யாரும் போய் எழுப்பிடாம பாத்துக்குவார்."

"பிறகு எழும்பி வந்தவையோ?"

"வந்தாங்க."

எல்லோரும் வந்தார்களா என்று புத்தகத்தில் இல்லை. அதை நான் சொல்லவில்லை.

அவளுடைய பேருந்து வந்து நிற்கிறது.

"அப்ப போட்டு வாறன் அண்ணை. அவர் தனிய" என்று பையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடுகிறாள்.