கொள்ளை என்ற சொல்

எங்கள் தீவின் பெரார்கஞ்ச் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அகராதி பார்க்கச் சொல்லிக்கொடுக்க, கடற்கொள்ளையர் கதைச் சொற்களை எடுத்துக்கொண்டேன். நங்கூரம், புதையல், பாய்மரம் என்று பிள்ளைகள் போட்டி போட்டுத் தேடினார்கள். ரோஷினிக்கு 'கொள்ளை' வந்தது. தமிழைவிட இந்தி அதிகம் பேசுகிற பெண். அம்மா இறந்தபின் அப்பா மெயின்லேண்டில் மணமுடித்து அழைத்துவந்த சித்தியோடு அவள் பேசுவதே இல்லை.

அகராதியில் விரலை வைத்தபடி எழுந்து வந்தாள்.

"மிஸ், கொள்ளைன்னா சோரி, திருட்டுதானே? இதுல 'மிகுதி'ன்னும் போட்டிருக்கே?"

"ஆமாம்மா. கொள்ளை அழகுன்னா ரொம்ப அழகு."

அவள் முகம் மாறியது. "அப்போ கொள்ளை ஆசைன்னா?"

"ரொம்ப ரொம்ப ஆசை. யாரு சொன்னாங்க?"

"சித்தி. வந்த அன்னிக்கே, 'உன்மேல எனக்குக் கொள்ளை ஆசை'ன்னாங்க. நான் பயந்துபோய் அம்மாவோட கொலுசை ஒளிச்சு வெச்சுட்டேன் மிஸ்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அணைத்துக்கொண்டேன்.

மாலையில் சித்தி பள்ளி கேட்டுக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்றிருந்தார். ரோஷினி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். பேசியது எனக்குக் கேட்கவில்லை. சித்தி ரோட்டிலேயே மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் நான் அதட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எது புரியலம்மா?" என்று கேட்கிறேன்.