பாலத்தடியில் கேட்ட பதில்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கேரி தீவிலுள்ள, எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இது நடந்தது. அன்று அங்கே மலைச் சைக்கிள் போட்டி. மலை எதுவும் இல்லை. சேறும், பனை வரிசைகளும், கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய்களும்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடு பண்டமாரானில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை முடித்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. ஆக, தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் சைக்கிள் கடை ஒன்றில் பழகிச் சேர்ந்ததுதான் எங்கள் அணி. மூன்று ஆண்கள், நான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த லோரி ஓட்டுநர் ஒருவர். அவரை அண்ணே என்போம். வங்கியில் வேலை பார்க்கும், எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணும் நண்பர் ஒருவர். மூன்றாமவர் அந்தக் கடைக்காரர், சீனர். எங்களோடு மலாயில்தான் பேசுவார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

நான்கு பேரும் கோட்டைத் தாண்டினால்தான் அணிக்குப் புள்ளி. அந்தப் புள்ளி கிடைத்தால்தான் ஆண்டுக் கடைசிப் போட்டிக்குப் போக முடியும். காலையிலேயே ஆண்கள் பிரிவில் மூவரும் முடித்துவிட்டார்கள். மிச்சம் நான். பெண்கள் பிரிவில் இரண்டு சுற்று.

நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணே பக்கத்தில் வந்தார்.

"இந்தா பாரும்மா, தோட்டத்துக்குள்ள யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேரு காதுல விழுந்தா வேற எதாவது கூப்பிடும். உன் நம்பரத்தான் கூப்பிடுவோம். நீ 'வரேன்'னு சத்தம் கொடுக்கணும். எங்க ஆளுங்க வேலைக்காட்டுல அப்படித்தான். சத்தம் வரலன்னா உள்ள வந்துருவேன், சொல்லிட்டேன்."

வெளியாள் பாதைக்குள் இறங்கினால் அணியையே நீக்கிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

"என்னண்ணே இது, மாட்டை ஓட்டுற மாதிரி? படிச்சவங்க இதையெல்லாம் நம்புவாங்களா?"

"படிச்சவங்களுக்குத் தொண்டை இருக்கும்ல லா?" என்றார் வங்கி நண்பர். "ஒரு 'வரேன்' சொன்னா உன் சர்ட்டிபிகேட்ட புடுங்கிக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மரப்பாலம். அதன் பக்கத்தில் மூவரும் நின்றுகொண்டார்கள். முதல் சுற்றில் நான் பாலத்தை நெருங்கியதும் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு, "நாப்பத்தொண்ணு! நாப்பத்தொண்ணு!" என்று கத்தினார்கள்; கடைக்காரர் அதையே மலாயில் கத்தினார். நான் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனேன். அண்ணே முகம் வாடியதைப் பார்த்தேன்.

இரண்டாம் சுற்றில் தூறல் பிடித்தது. பனைகளுக்கடியில் காலை பத்தரை மணிக்கே அந்தி மாதிரி இருட்டு. அப்போதுதான் எனக்குப் பின்னால் சேற்றில் இன்னொரு சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. யாரோ என்னை முந்தப் பார்க்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அந்த வேகத்தில், பாதை திரும்பும் இடத்தில் கட்டியிருந்த சிவப்பு நாடாவைக் கவனிக்காமல் நேரே போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாடா எதுவும் கண்ணில் படவில்லை என்பது உறைத்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை. வெட்டிய மட்டையின் அடிக்கட்டை ஒன்றில் யாரோ ஒரு ரப்பர் பூட்ஸைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போனேன். சிறிது தூரத்தில் மறுபடியும் அதே பூட்ஸ். வேறு பக்கம் திரும்பினேன். மறுபடியும் அதே.

சைக்கிளை நிறுத்தினேன். பின்னால் வந்த சக்கரச் சத்தம் மேலும் இரண்டு உருட்டு உருண்டுவிட்டு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் சக்கரத் தடம் மட்டும் சேற்றில் நீண்டு கிடந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கத்திக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வழி தெரியாமல் அழுதேன் என்று பிறகு சிரிப்பார்களே என்ற நினைப்பு அப்போதும் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. ஏறி மறுபடி மிதித்தேன். பின்னாலிருந்த சத்தமும் கிளம்பியது.

அப்போதுதான் வெகு தொலைவில் டின் சத்தம் கேட்டது.

"நாப்பத்தொண்ணு! பெடல விடாத! இந்தப் பக்கம் வா!"

பிரேக்கைப் பிடித்தேன். எதிரே அடர்ந்த பெரணிச் செடிகள். அதன் இலைகளுக்கு நடுவே ஏதோ மின்னியது. உற்றுப் பார்த்தால் தண்ணீர். முன்சக்கரத்திலிருந்து இரண்டு முழத்தில், கரையே தெரியாத கால்வாய். இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் தலைகுப்புற உள்ளே போயிருப்பேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சைக்கிளைத் திருப்பி, டின் சத்தம் வரும் திசையில் போனேன். சத்தம் தேய்ந்தால் நிற்பேன், கூடினால் மிதிப்பேன். அவர்கள் ஓயவே இல்லை. மூன்று குரலும் கரகரத்து, கிழிந்து, கடைசியில் ஒன்று ஊளை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் ஓயவில்லை. அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தாண்டி, சிவப்பு நாடாவைக் கண்டேன், பிறகு பாலத்தை. பாலம் ஏறும்வரை பின்னால் சேற்றுச் சத்தம் இருந்தது. பலகையில் சக்கரம் ஏறியதும் நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு மேடுதான்! முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு!" என்று பாதையோரக் கயிற்றுக்கு வெளியே மூவரும் கூடவே ஓடிவந்தார்கள். கோட்டைத் தாண்டி அப்படியே புல்லில் விழுந்தேன். அணிக்குப் புள்ளி கிடைத்தது.

"எனக்குப் பின்னால யாரு வந்தா?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

கோட்டருகே பெயர்ப் பட்டியலோடு நின்றவர், யாரும் இல்லை என்று தலையை ஆட்டினார். மற்ற பெண்கள் எல்லோரும் எப்போதோ முடித்துவிட்டார்களாம். நான்தான் கடைசி.

வங்கி நண்பர் தண்ணீர் நீட்டினார். அவருக்குப் பேச்சே காற்றாகத்தான் வந்தது. "நல்லவேளை, இந்தத் தடவையாவது பதில் கொடுத்த லா. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் 'வரேன், வரேன்'னு சொன்ன. இல்லாட்டி அண்ணே அப்பவே உள்ள குதிச்சிருப்பாரு. அணியும் போயிருக்கும், பாலத்துல டின் தட்ட ஆளில்லாம, எந்தப் பக்கம் வரணும்னு உனக்கும் தெரிஞ்சிருக்காது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, தான் அன்று கற்ற ஒரே தமிழ் வார்த்தையைச் சொல்லிக் காட்டினார். "வரே...ன்." இழுத்து, மெல்லிய குரலில், கேட்டது கேட்டபடி.

அது என் பேச்சு இல்லை. நான் அப்படி இழுத்துப் பேசுபவளே இல்லை.

"நான் சத்தமே கொடுக்கலண்ணே," என்றேன்.

வங்கி நண்பர் கையிலிருந்த டின் கீழே விழுந்தது. அண்ணே எழுந்து பாலம் வரை நடந்து, பனைகளைப் பார்த்து நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க புள்ள வந்து சேந்துருச்சும்மா."

திரும்பி வந்து என் சைக்கிளை லோரியில் ஏற்றினார்.

தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் பெண் யாராவது பதில் கொடுத்திருக்கலாம் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை இல்லை. பயத்தில் நானே என்னை அறியாமல் சொன்னேனோ? தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். கண்ணுக்கே தெரியாத என்னை நோக்கி மூன்று பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள், நான் பதில் சொல்கிறேன் என்று நம்பி. அவர்களுக்கு ஒரு வார்த்தை கொடுக்க எனக்குக் கௌரவம் குறுக்கே நின்றது.

இப்போதும் போட்டிகளுக்குப் போகிறேன். பாதையோரத்தில் என் எண்ணைக் கூப்பிட்டால், மூச்சு முட்டினாலும், யாரும் முந்திக்கொள்ளும் முன் "வரேன்" என்று நானே சொல்லிவிடுகிறேன்.