காந்தச் சுருளும் காலி அட்டையும்

அப்பா எங்கள் மலையில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பது அதில் பாதி வேலைதான். வளப்பூர் நாடு என்று நாங்கள் சொல்லும் மலைக்கிராமங்களின் ஆட்கள் படிக்கட்டோரம் நின்று சொல்லிவிடும் சாமான்களைக் கீழே டவுனில் வாங்கி, மாலை வண்டியில் கொண்டுவந்து கொடுப்பது மீதி வேலை. சர்க்கரை மாத்திரை, மருந்தடிக்கும் பம்புக்கு வாசர், பள்ளிக்கூட ஷூவுக்கு லேஸ். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். யாரிடமும் முடியாது என்று சொன்னதும் இல்லை.

போன வருடம் ஒரு கொண்டை ஊசி வளைவில் டிரைவர் சட்டென்று பிரேக் போட, அப்பாவின் தலை கம்பியில் மோதியது. காயம் ஆறிவிட்டது. ஆனால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒன்றைச் சொன்னால், சில்லறை கொடுத்து முடிப்பதற்குள் அது போய்விடும். பழையவை எல்லாம் அப்படியே இருந்தன. நான் ஐந்தாவது படிக்கும்போது எந்த சீட்டில் உட்காருவேன் என்றுகூடச் சொல்வார். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. டிரைவரிடம் சொல்லிவிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு அதுதான் வலித்தது.

நான் நகரத்தில் ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். எட்டு என்ற எண் வடிவில் சுற்றிய காந்தச் சுருளை, சோதனைக்கு வருபவரின் நெற்றிக்கு மேலே தலையோடு ஒட்டிப் பிடிப்பேன். டக் டக்கென்று தட்டி, உள்ளே மூளையை லேசாகத் தூண்டும். பிறகு திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இப்போது வந்ததும் இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததும் ஒன்றா என்று சொல்ல வேண்டும். ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததைக் கவனிக்கும் நினைவு அது. அப்பா தவறவிடுவதும் அதைத்தான்.

பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் நான் ஊருக்கு வந்தபோது, அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தக் காந்தத்த எனக்கும் ஒருக்கா வெச்சுப் பாரேன் கண்ணு."

"அது வைத்தியம் இல்லீங்கப்பா. ஆராய்ச்சி."

"உனக்கு வெச்சாங்கன்னு சொன்னியே. நெனப்பு கூடுச்சா?"

"மிஷின சரிபாக்க வெச்சாங்க. அன்னைக்கு சாயங்காலம் பால் வாங்கப் போயி தயிர் வாங்கிட்டு வந்தேன்."

அம்மா சிரித்தாள். "உங்கப்பா காந்தம் இல்லாமயே அதத்தான் செய்யறாரு."

அப்பாவும் சிரித்தார். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் சொல்லும் முன் காரணங்களை வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். சிலருக்கு மதிப்பெண் கொஞ்சம் ஏறுகிறது, சிலருக்கு ஏறுவதில்லை. ஏறினாலும் எவ்வளவு நாள் நிற்கும் என்று உறுதியாகத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, சிலருக்கு நாங்கள் வைப்பது வெறும் சத்தம் மட்டும் போடும் போலிச் சுருள். இதெல்லாம் அவருக்குத் தேவையில்லை என்று தோன்றியது. கடைசியில் இருந்ததை மட்டும் சொன்னேன்.

"தலையில அடிபட்டவங்கள எங்க எடத்துல சேத்துக்க மாட்டாங்கப்பா. வலிப்பு வந்தாலும் வந்துரும். அவங்களே சரின்னாலும் நான் உங்கள அந்தச் சேர்ல உக்கார வெக்க மாட்டேன்."

எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். "அப்ப டிரைவருகிட்டயே சொல்லட்டும்," என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் ஒரு வேலையாக அவர் வண்டியிலேயே டவுனுக்குப் போனேன். ஒரு நிறுத்தத்தில் எங்கள் பக்கத்து மிளகுத் தோட்டத்து அக்கா, ஏறாமல் கீழே நின்றபடியே கையை நீட்டினாள். கையில் காலி மாத்திரை அட்டை.

"ஏனுங்கண்ணா, இதக் காட்டி இதையே வாங்கிட்டு வாங்க."

"டிரைவரு இருக்காருல்ல, அங்க குடு."

"அவரா? போன வாரம் தைராய்டு மாத்தர சொன்னதுக்கு வயித்துவலி மாத்தர கொண்டாந்தாருங்க. இத்தனைக்கும் அவரு தல எங்கயும் இடிக்கல."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் பதிலுக்கு ஹாரனை நீளமாக அடித்தார். அப்பா அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டவுனில் பஸ் நின்றதும் சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டவர், அட்டை தட்டுப்பட, நேரே மருந்துக்கடைக்கு நடந்தார்.

அதைப் பார்த்தவர்கள் இருந்திருக்க வேண்டும். அந்த வாரத்திலேயே காலி டானிக் பாட்டில் வந்தது, தேய்ந்த வாசர் வந்தது, அறுந்த லேஸ் வந்தது. யாரும் பேசிவைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சட்டைப்பை போதாமல் அம்மா ஒரு துணிப்பை கொடுத்தாள். மாலையில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் அந்தப் பைக்குள் கையை விட்டு அவரவர் சாமானை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படிக் காட்டக் காலி கிடையாது. ஆலத்தூர் நாட்டுக்காரர் ஒருவர், டிக்கெட்டுக்கு நடுவே, சீமந்தத்துக்கு ரோஜாமாலை சொன்னார். அது வரவில்லை. அன்று இரவு அப்பா துணிப்பையை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்தார்.

லீவு முடிவதற்கு முந்தைய நாள் காலை என் போன் சார்ஜர் வயர் அறுந்துவிட்டது. ரோஜாமாலைக்குப் பிறகு அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஒளித்து வைக்கப் போனேன், பார்த்துவிட்டார்.

"வயரு போச்சா?"

"நானே வாங்கிக்கறேங்கப்பா. நாளைக்குக் கீழ போறேன்ல."

கையை நீட்டினார். "பழசக் குடு கண்ணு. காலி இல்லாம நான் எதையும் வாங்கறதில்ல, தெரியுமில்ல?"

கொடுத்தேன். அதை விரலில் சுற்றி, பையில் ஒரு மாத்திரை அட்டைக்கு மேல் வைத்தார். "வாரேன்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.