ஏலக்காரர் வாயை மூடிய நாள்

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் தொண்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து கூடைகள் இறங்கியதும் அந்தக் குரல் கிளம்பும். ஐஸ் உடைக்கும் சத்தம், லாரி ஹாரன், வியாபாரிகளின் கூச்சல், எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு மேலே ஏறி நிற்கும். மைக் கிடையாது, விசில் கிடையாது. கூடை தூக்கும் வேலைக்கு வந்த மனிதர்தான். பழைய ஏலக்காரருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டபோது, சும்மா நிற்கப் பொறுக்காமல் நடுவில் புகுந்து ஒரு கூடை சீலா மீனை ஏலம் விட்டார். அன்றைக்கு ஏறிய விலையைப் பார்த்துப் படகுக்காரர்கள் அவரை மறுபடி கூடை தூக்கவே விடவில்லை. அதற்கப்புறம் சொந்தப் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஏலக்காரர்தான்.

அந்தத் தொழிலில் மௌனம் என்பது நஷ்டம். கூடையைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஒரு மூச்சு நேரம் வாயை மூடிவிட்டால் போதும், விலை பொத்தென்று விழுந்துவிடும். ஆகவே அவர் மௌனத்தை வளரவே விடமாட்டார். "என்னண்ணே, மீன் வாங்க வந்தீங்களா, துக்கம் விசாரிக்க வந்தீங்களா?" என்று ஒருவரைச் சீண்டுவார். கூட்டம் சிரிக்கும், விலை எழும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்.

ஆனால் அந்தத் தொண்டையைத் துறைமுகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடியுமா? அதுவும் கூடவே வந்தது. பகலில் தூங்கி எழுந்து, டம்ளர் இடம் மாறியிருந்தால் ஒரு கத்தல், விளக்கு அணைக்காமல் இருந்தால் ஒரு கத்தல். மனைவி மேலோ மகள் மேலோ ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். கை வேறு நீட்ட வேண்டுமா, அந்தச் சத்தம் போதாதா என்று திருப்பிக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. மதியம் போனால் இரவுதான் திரும்புவாள். ஒரே மகள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் அம்மா வரும்வரை அவளும் அப்பாவும்தான்.

வினை துறைமுகத்து ஐஸ்காரர் ரூபத்தில் வந்தது. "உம் பொண்ணு உங்க தெருமுனையில நின்னு போன்ல தட்டிக்கிட்டு இருந்தாளேப்பா" என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு ஏலக்காரர் போன் வாங்கிக் கொடுத்ததே இல்லை. அப்படியானால் யார் கொடுத்தது? எவன் கொடுத்தான்? மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனார். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வர, மகளின் பையைப் பிடுங்கி, நடைபாதையில் தலைகீழாகக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா விழுந்தது. ஜியாமெட்ரி பாக்ஸ் விழுந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் விழுந்து பிரிந்து, அதற்குள் இருந்த நாப்கின்கள் அத்தனை பேர் கண் முன்னால் சிதறின. போன் மட்டும் இல்லை.

அடப்பாவி மனுஷா என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது. அங்கே யாரும் கத்தவில்லை, அதுதான் கொடுமை. வாட்ச்மேன், வேன் டிரைவர்கள், தோழிகள், அவர்களின் அம்மாக்கள், யார் முகத்திலும் ஈயாடவில்லை. மகள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளியில் பேசினாள், மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடினாள், அம்மாவிடம் கிசுகிசுத்தாள். அவர் முன்னால் மட்டும் வாய்க்குப் பூட்டு. மறுவாரம் பள்ளியில் சிஸ்டரிடம் போய், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் தனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

சிஸ்டர் அவரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பள்ளியில் பெற்றோருக்கு வகுப்பு எடுப்பவர் அவர்தான். ஒல்லியான உருவம், ஸ்கூட்டரில் பறக்கிற ஆள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. அவ கேட்டிருக்கா, குடுத்துடுவேன்" என்றார்.

"எம் பொண்ண என்கிட்ட இருந்து பிரிக்க நீங்க யாரு சிஸ்டர்?" ஏலக்காரரின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நான் பிரிக்கல. அவளே கிளம்பி நிக்கிறா. சனிக்கிழமை பெற்றோர் வட்டத்துக்கு வாங்க. ஒரு மாசம் வாங்க. கடைசி சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டு வர்றேன். உங்க எதிர்ல உட்கார்ந்து அவளே முடிவு சொல்லட்டும்."

வேறு வழி? போனார்.

சிற்றாலயத்துக்குப் பக்கத்து அறை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். அவர் உட்கார்ந்தால் முட்டி முகவாயைத் தொட்டது. பெரும்பாலும் அம்மாக்கள். ஆண் என்று பார்த்தால் அவரும் ஒரு பல் டாக்டரும்தான். சிஸ்டரின் பயிற்சி கேட்பதற்கு மிகச் சுலபம். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் பெற்றோர், ஒருவர் மகள். பெற்றோர் ஒரு கேள்வி கேட்கலாம். "கேள்வி ஒண்ணு. அப்புறம் காது மட்டும். 'ஆனா', 'அதுக்காகத்தான்', 'உன் நல்லதுக்கு' எதுவும் கிடையாது. அவ பேசாம இருந்தா நீங்களும் பேசாம இருங்க."

பல் டாக்டர் சிரித்தார். "எனக்கு இது தலைகீழா இருக்கு சிஸ்டர். நான் கேள்வி கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது, வாய்க்குள்ள என் கை இருக்கும்."

டாக்டர்தான் ஏலக்காரருக்கு மகளாக உட்கார்ந்தார். "ஏன்மா பேச மாட்டேங்குற?" என்று ஏலக்காரர் கேட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தார். அவ்வளவுதான், ஏலக்காரருக்கு உடம்பெல்லாம் நமைச்சல் எடுத்தது. "சரி, பேசலன்னா போ. நான் என்ன தப்பா செஞ்சுட்டேன்? ஊர்ல எந்த அப்பன்..." என்று ஆரம்பித்துத் தானே கேட்டு, தானே பதில் சொல்லி, தானே மன்னித்து முடித்துவிட்டார். வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

"உங்க பொண்ணு இப்போ எங்க இருப்பா தெரியுமா? எழுந்து போயிருப்பா" என்றார்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. அடுத்த சனியும் தோற்றார், அதற்கடுத்த சனியும் தோற்றார். துறைமுகத்தில் மட்டும் குரல் வழக்கம்போல் முழங்கியது. வீட்டில் மகளின் அலமாரி நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டு வந்தது; தோழிக்குக் கொடுக்கிறாளா, பெட்டியில் அடுக்குகிறாளா, கேட்கவும் பயம். ஆமாம், அந்த மனிதருக்குப் பயம். படுத்தால் ஹாஸ்டல் கட்டில்தான் கண்ணுக்குள் வந்தது.

கடைசி சனிக்கிழமை மனைவியும் வந்தாள். வட்டம் முடிந்ததும் நேரே வேலைக்குப் போக வேண்டும் என்பதால் யூனிஃபார்ம் சேலையிலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். மகளை சிஸ்டர் கூட்டி வந்தார். அவள் ஏலக்காரருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மற்ற பெற்றோர் மூச்சுவிடவும் யோசித்தார்கள்.

"உனக்கு என்மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டார்.

மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றியது. ஏலக்காரரின் தொண்டைக்குள் வார்த்தைகள் முண்டியடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கோபம் இல்ல" என்றாள் மகள், சிஸ்டரைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு அந்தப் பொட்டலம் பிரிஞ்சு விழுந்துச்சுல்ல, ஒரு வேன் டிரைவர் சட்டுன்னு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. எனக்காகத்தான். யாருன்னே தெரியாத ஆளு. நீங்க திரும்பலப்பா. நீங்க பையை இன்னும் உதறிக்கிட்டு இருந்தீங்க."

"அது வந்து..."

சிஸ்டரின் விரல் உயர்ந்தது. அவர் வாயை மூடினார். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

மகள் இப்போது அவரை நேராகப் பார்த்தாள். "போன் இருந்துச்சு. அன்னிக்கு சாக்ஸுக்குள்ள வெச்சிருந்தேன்."

அறை ஒரு ஆட்டம் ஆடியது. சிஸ்டருக்கே முகம் மாறிவிட்டது. அவருக்கும் இது தெரியாது. ஏலக்காரர் பாதி எழுந்துவிட்டார். பார்த்தீங்களா! இத்தனை வாரமாக என்னைப் பிள்ளையை வதைக்கிற அப்பன் மாதிரிப் பார்த்தீங்களே, இப்போ என்ன சொல்றீங்க? அத்தனையும் தயாராகத் தொண்டைக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தால் போதும், அந்த அறையில் அவரை ஜெயிக்க ஒருத்தர் கிடையாது.

மகளின் நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. அவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. அதற்குள் அவள் தோள்கள் காதுவரை ஏறி, கண்கள் இறுக மூடியிருந்தன. வீட்டில் தினமும் இப்படித்தான் நின்றிருப்பாள். கத்துகிற மும்முரத்தில் அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மாதான் வாங்கிக் குடுத்தாங்க."

சுவரோரம் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்கூல் விட்டு வந்து தெருமுனையில நிப்பேன். தனியா இருந்தும் நீங்க கத்துற சத்தம் நம்ம வீட்டு ஜன்னல் வழியா கேக்குதான்னு பார்ப்பேன். அப்புறம் அம்மாவுக்கு மெசேஜ் போடுவேன். 'நல்லா இருக்கார்'னு போட்டா அம்மா டியூட்டி முடிச்சுட்டு வருவாங்க. 'சரியில்ல'ன்னு போட்டா சீக்கிரமே வந்துருவாங்க. அவ்வளவுதான்பா. வேற யாருக்கும் நான் எதுவும் போட்டதே இல்ல."

ஏலக்காரருக்கு எத்தனையோ சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. "இன்னிக்கு பிரசவ கேஸ் கம்மிங்க, சீக்கிரம் விட்டுட்டாங்க" என்று மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே வருவாள். அதை நம்பி, சீக்கிரம் வந்துவிட்டாளே என்று சந்தோஷம் வேறு பட்டிருக்கிறார். தன் வீட்டில் இரண்டு பேரும் தன்னைப் பற்றித் தினமும் சேதி அனுப்பித்தான் பிழைத்திருக்கிறார்கள். எவனையோ தேடிப் பையைக் கவிழ்த்தார். தேடிய ஆள் அவரேதான்.

சிஸ்டர் மெதுவாகக் கேட்டார். "நீதான்மா சொல்லணும். ஹாஸ்டலா, வீடா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் சற்றுப் பொறுத்து ஏலக்காரரைப் பார்த்தார். "முடிச்சுட்டா போல. இப்போ நீங்க பேசலாம்."

இத்தனை நாள் எதற்காக வாய் துடித்ததோ அந்த அனுமதி கிடைத்துவிட்டது. என்ன சொல்ல? மன்னித்துக்கொள் என்றா? இனிமேல் கத்த மாட்டேன் என்று சத்தியமா? அவர் சத்தியத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். குரல் வரவில்லை. மறுபடி செருமினார். வந்த குரல், மேரி மாதா சிலைக்கு முன்னால் அம்மாக்கள் முணுமுணுப்பார்களே, அந்த அளவுக்குத்தான் இருந்தது.

"அம்மா இப்போ டியூட்டிக்குப் போயிருவா. சாயங்காலம்... இன்னிக்கு அம்மாவுக்கு என்னன்னு மெசேஜ் போடுவே?"

மகள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவர் அசையவில்லை, அவசரப்படுத்தவில்லை.

"இன்னும் தெரியலப்பா" என்றாள். "வீட்டுக்கு வந்து பார்த்துட்டுதான் போடணும்."