உட்கார ஒரு பலகை

பிரேமாவதி வேலை பார்க்கும் கட்டடத்தில் பதினான்கு பெஞ்சுகள் இருக்கின்றன. எல்லாம் நல்ல மரம். ஒன்றில்கூட அவள் உட்கார்ந்தது கிடையாது. உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவளுக்கு முன்பு அங்கே கூட்டிப் பெருக்கிய ராக்காயி, சீருடையோடு ஒரு பெஞ்சில் சாய்ந்திருந்ததை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். மறுவாரமே ராக்காயிக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு எழுதி ஒட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பாடாங் மேஹா ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் போனால், செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஆற்றை ஒட்டி நிற்கிறது அந்த வருகையாளர் மண்டபம். அருவிக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்து பெயர் பதிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துப் பழைய கிடங்கு ஒன்றைப் பிரித்து எடுத்த மரங்கள்தான் மண்டபத்தின் இருபத்திரண்டு தூண்களும். சாயம் கிடையாது, பூச்சிமருந்தும் கிடையாது. ஏனென்றால் கீழே ஆற்றில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். சுவரையும் பாதியோடு நிறுத்திவிட்டார்கள், காற்று வந்து போகட்டும் என்று. காற்று வரும் வழியில் மழையும் வந்தது, வௌவாலும் வந்தது. அதையெல்லாம் துடைப்பதற்குப் பிரேமாவதி வந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்துமூன்று. கூலிம் நகரத்தில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் நின்றபடியே வேலை செய்து, இரண்டு முட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். குனியலாம், நடக்கலாம், ஒரே இடத்தில் நிற்க மட்டும் அவளால் முடியாது. துப்புரவுக் கம்பெனியின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் தொழிற்சாலைதான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் முட்டி முதலில் வலிக்கும்.

மண்டபம் ஆளுயரத் தூண்கள்மேல் நிற்பதால் தரைப்பலகைக்கு அடியில் நல்ல நிழல் உண்டு. கட்டி முடித்தபோது மிஞ்சிய பலகைகள் அங்கே கிடந்தன. நான்கை அடுக்கி, ஒன்றை எட்டாவது தூணில் சாய்த்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள். பகலில் அரை மணி நேரம். காலணியைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்வாள். தலைக்கு மேல் வருகையாளர்கள் நடக்கும் சத்தம் கேட்கும். அவள் கீழே இருப்பது யாருக்கும் தெரியாது.

அந்தத் தூணில்தான் ஒருநாள் பென்சில் தடிமனுக்கு ஒரு மண்கோடு ஏறியிருப்பதைப் பார்த்தாள். கரையான். மேற்பார்வையாளன் சசிதரனிடம் மூன்று முறை சொன்னாள்.

"புகார் பாரம் எழுதிப் போட்டாச்சுக்கா. ஆள் வரும் லா."

"நீ பாரம் போடு தம்பி. அது தூணையே சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போகட்டும்."

ஆள் வரவில்லை. அவள் பிறந்து வளர்ந்த தோட்ட வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக் கால்களுக்கெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசுவார்கள். என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய். மோட்டார் பட்டறையில் கேட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வந்தாள். தூணின் அடியைச் சுற்றித் தடவி, மிச்சத்தில் கொஞ்சம் மண்ணிலும் ஊற்றினாள். ஒரே வாரத்தில் மண்கோடு காய்ந்து உதிர்ந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தைத் தான் காப்பாற்றிவிட்டதாக அவளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. யாரிடமும் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கட்டடத்தை வரைந்த ஜானிஸ், சுங்கை பட்டாணி நகரத்திலிருந்து வந்தாள். வருடத்துக்கு ஒருமுறை தூண்களைப் பார்த்துப் போவது வழக்கம். சசிதரன் பின்னால் போனான். வாளியோடு பிரேமாவதியும் போனாள்.

எட்டாவது தூணருகில் ஜானிஸ் மண்டியிட்டாள். விரலைத் தேய்த்து முகர்ந்தாள்.

"என்ஜின் ஆயில். யாரு ஊத்துனது?"

"வெளியாளா இருக்கும் மிஸ்," என்றான் சசிதரன். பிரேமாவதியைப் பார்த்துக் கண்ணால் ஒரு சாடை காட்டினான். வாயைத் திறக்காதே என்பது அதன் பொருள்.

"வெளியாளுன்னா எங்கெங்க ஊத்தியிருக்கான்னு தெரியாது. இருபத்திரண்டையும் தோண்டிப் பாக்கணும். மழை பெஞ்சா நேரா ஆத்துக்குப் போயிடும். தோண்டி முடிக்கிற வரைக்கும் மண்டபத்தை மூடணும்." ஜானிஸ் டார்ச்சைக் கீழே இறக்கினாள். தூணின் அடியில் தொப்பி விளிம்பு போல ஓர் இரும்புத் தகடு. "கரையான் இதைச் சுத்தி வெளிய வந்துதான் ஏற முடியும். வந்தா கண்ணுல படும், தட்டிவிட்டுடலாம். மருந்தே வேணாம். அதுக்குத்தான் தூணுல எதையும் சாய்க்காதீங்கன்னு சொன்னேன்."

வெளிச்சம் சாய்ந்திருந்த பலகையில் போய் நின்றது. அதன் பின்புறம் முழுக்க ஈர மண். தகட்டைத் தாண்ட ஒரு பாலம்.

"காண்ட்ராக்டர் ஆளுங்க விட்டுட்டுப் போனது மிஸ்," என்றான் சசிதரன்.

பிரேமாவதி அடுக்கியிருந்த பலகையைப் பார்த்தாள். பிளாஸ்க் வைத்து வைத்துப் பதிந்த வட்டம் அதில் தெளிவாகத் தெரிந்தது. கரையானுக்குப் படி போட்டுக் கொடுத்தது அவள் முதுகு சாய்த்த பலகைதான். சும்மா இருந்தால் ஒருவேளை தப்பிக்கலாம். அப்புறம் இருபத்திரண்டு தூணையும் தோண்டுவார்கள், அவளும் தினம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அதற்கான தெம்பு அவளிடம் இல்லை.

"பலகை நான் வெச்சது மிஸ். எண்ணெயும் நான்தான். இந்த ஒரு தூண்தான். டின்னுல பாதி இன்னும் ஸ்டோர்ல இருக்கு."

சசிதரன் தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்தான்.

"பலகை எதுக்குக்கா?" என்றாள் ஜானிஸ்.

"உட்கார."

"மேல பதினாலு பெஞ்ச் இருக்கே?"

"இருக்கு மிஸ். தினம் நான்தான் தொடைக்கிறேன்."

ஜானிஸ் கையிலிருந்த கருவியில் கட்டடத்தின் வரைபடத்தைத் திறந்து விரலால் நகர்த்தினாள். துடைப்பம் வைக்க இடம் இருந்தது. வாளி கழுவக் குழாய் இருந்தது. குப்பைக்கு மூன்று நிறத்தில் மூன்று தொட்டி இருந்தது.

"உட்கார இடம் மட்டும் நான் போடல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்றே சசிதரன் மண்வெட்டி எடுத்தான். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டிச் சாக்கில் போட்டான். "உங்களால என் சட்டை போச்சுக்கா," என்றான். "பாரத்துல எழுதிப் போடு தம்பி," என்றாள் அவள். சாக்குகள் லாரியில் போயின. பலகைகளும் கூடவே போயின.

ஒப்பந்தம் வந்தது. வழக்கமான ஒரு வருடத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு. கூடவே மலாயில் ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். ஜானிஸ் ஒரு சின்ன மர இருக்கையை வரைந்து அனுப்பியிருப்பதைச் சசிதரன் போனில் காட்டினான். இரும்புக் கால், துப்புரவு அறைக்குப் பக்கத்தில் இடம். இரண்டு அலுவலகங்கள் ஒப்புதல் தரவேண்டுமாம்.

"அதுவரைக்கும் இது," என்று ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கி வைத்தான். "மேல வெச்சா கட்டடத்துக்கு ஒத்துவராதாம். கீழயே வெச்சுக்குங்க. தூணுல மட்டும் படக் கூடாது."

அவள் எட்டாவது தூணுக்கு ஒரு முழம் தள்ளி அதைப் போட்டாள். காலணியைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்தாள். நாற்காலியின் முதுகு பாதியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் காற்றுதான். கழுத்தை நிமிர்த்தி, கைகளை முட்டிமேல் ஊன்றிக்கொண்டு, மேலே யாரோ பெஞ்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். அரை மணியில் இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.